கள்ள உறுதியும் முதுசக் காணியும்: வாசகர் கேள்வி பதில்

காணிக் கேள்விகளை எழுதி அனுப்பச் சொன்ன சென்ற இதழின் அறிவித்தலுக்குப் பிறகு வன்னியின் எல்லாப் பக்கத்திலிருந்தும் காணிக் கடிதங்கள் வந்தன. ஆள் அடையாளம் தெரியும் விபரங்களை நீக்கி, பலருக்கும் பொதுவான கேள்விகளைத் தெரிந்தெடுத்திருக்கிறோம். முதற்கடிதம் அவசரமானது. அதே நிலையில் இருப்பவர்கள் மற்றப் பதில்களைப் பிறகு வாசிக்கலாம்.

கேள்வி: முள்ளியவளையில் எங்கட ஐயாவின் பெயரில் மூன்று ஏக்கர் உறுதிக்காணி இருக்கிறது. ஐயா 2009 மாசியில் இடம்பெயர்ந்த இடத்தில் இறந்துவிட்டார். உறுதியும் அந்த ஓட்டத்தில் தொலைந்துபோனது. முகாமிலிருந்து திரும்பிய பிறகு 2011 தொடக்கம் அம்மாவும் நாங்களும் அதில் கச்சான் போட்டு வருகிறோம். ஆறு கிழமைக்கு முன் பெரியப்பாவின் மகன் ஆட்களோடு வந்து கம்பிவேலி அடித்துவிட்டார். ஐயா 2007 கார்த்திகையில் சுன்னாகத்தில் வைத்துத் தனக்கு அறுதியாக எழுதித் தந்ததாகச் சொல்லி, ஒரு உறுதியின் போட்டோப் பிரதியைக் காட்டுகிறார். பொலிசுக்குப் போனால் "இது சிவில் விசயம், கோட்டுக்குப் போங்கோ" என்கிறார்கள். என்ன செய்வது?
— வாசகி, கரைதுறைப்பற்று

பதில்: தங்கச்சி, உறுதி உண்மையா பொய்யா என்ற விவாதத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டு முதலில் நாட்களை எண்ணுங்கள். 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66ஆம் பிரிவு, காணிப் பிணக்கால் அமைதி குலையும் நிலை இருந்தால் நீதவான் தலையிட இடம் தருகிறது. வழக்குத் தாக்கல் செய்யப்பட்ட நாளுக்கு முந்திய இரண்டு மாதத்துக்குள் நீங்கள் பலவந்தமாக வெளியேற்றப்பட்டீர்கள் என்று காட்டினால், காணியைத் திரும்ப உங்கள் கையில் ஒப்படைக்க நீதிமன்றம் கட்டளையிடலாம். அந்த இரண்டு மாதத்தில் ஆறு கிழமை போய்விட்டது.

எண்ணப்படுவது நீதிமன்றத்தில் தாக்கலான நாள். பொலிசில் முறைப்பாடு எழுதிய நாளுக்கு அங்கே கணக்கில்லை. வன்னியில் இந்த இடத்தில்தான் நிறையப் பேர் காணியைக் கைநழுவ விடுகிறார்கள். கிராம அலுவலரிடம் போவார்கள், பிரதேச செயலகத்துக்குப் போவார்கள், ஊர்ப்பெரியவர்கள் கோயிலில் வைத்துப் பேசுவோம் என்பார்கள், எதிர்த்தரப்பு "தைப்பொங்கலுக்குப் பிறகு பார்ப்பம்" என்று இழுக்கும். இரண்டு மாதம் கழிந்துவிடும். பொலிஸ் வழக்குப் போடாவிட்டாலும், பாதிக்கப்பட்டவரே சட்டத்தரணி மூலம் சத்தியக்கடதாசியுடன் நேரடியாக மனுத் தாக்கல் செய்ய அதே பிரிவில் வழி உண்டு. நாளைக்கே போங்கள்.

அங்கே உறுதி பெரிய விடயமல்ல, ஆட்சிதான் விடயம். நீங்கள்தான் காணியில் இருந்தீர்கள் என்பதைக் காட்டக்கூடிய கடதாசிகளைச் சேருங்கள். கமநல சேவை நிலையத்தில் விதை, உரம் எடுத்த பற்றுச்சீட்டு, கச்சான் விற்ற துண்டு, திகதி தெரியும் கைபேசிப் படங்கள், கிணறு கட்டிய மேசனின் கணக்கு, அயற்காணிக்காரர் இருவரின் சத்தியக்கடதாசி, கிராம அலுவலரின் கடிதம் எல்லாம் உதவும். நீதவானின் கட்டளை யார் சொந்தக்காரர் என்று தீர்ப்பதில்லை. மாவட்ட நீதிமன்றம் உரித்தைத் தீர்க்கும்வரை யார் காணியில் இருப்பது என்பதை மட்டும் சொல்லும். ஆனாலும் காணிக்குள் இருந்துகொண்டு வழக்காடுவது வேறு, வெளியே நின்று வழக்காடுவது வேறு. இரவில் போய் வேலியை வெட்டி எறிய வேண்டாம். எறிந்தால் அடுத்த நாள் முறைப்பாட்டுக்காரர் அவர், எதிரி நீங்கள்.

மனுத் தாக்கலானதும் உறுதிக்கு வருவோம். போட்டோப் பிரதியிலிருந்து உறுதி இலக்கம், திகதி, நொத்தாரிசின் பெயர், சாட்சிகளின் பெயர் ஆகிய நான்கையும் குறித்துக்கொண்டு காணிப் பதிவகத்துக்குப் போங்கள். தோம்பு (காணிப் பதிவேடு) தேடச் சொல்லி, உங்கள் ஐயாவின் உறுதி பதியப்பட்ட பக்கத்தின் அத்தாட்சிப்படுத்திய பிரதியை எடுங்கள். ஐயாவின் உறுதி இலக்கம் தெரியாவிட்டால் அயற்காணிக்காரரின் உறுதியில் உள்ள பதிவுக் குறிப்பு வழிகாட்டும், அவர்களுடைய எல்லைகளில் உங்கள் ஐயாவின் பெயரும் இருக்கும்.

நொத்தாரிசு முடிக்கும் ஒவ்வொரு உறுதிக்கும் மூன்று படி இருக்க வேண்டும். ஒன்று காணி வாங்கியவருக்கு, ஒன்று நொத்தாரிசின் கோவையில், மற்றது காணிப் பதிவகத்துக்கு. ஒரு மாதத்தில் முடித்த உறுதிகளின் படிகளை, நிரலோடு சேர்த்து, அடுத்த மாதம் 15ஆம் திகதிக்குள் பதிவகத்துக்கு அனுப்ப வேண்டும் என்பது நொத்தாரிசுக் கட்டளைச்சட்டத்தின் விதி. ஆகவே 2007 கார்த்திகை உறுதியின் படி 2007 மார்கழியில் பதிவகத்துக்கு வந்திருக்க வேண்டும். வந்த திகதி முத்திரையைப் பாருங்கள். படியே இல்லையென்றாலோ, பல ஆண்டு கழித்து வந்திருந்தாலோ அது பெரிய துப்பு. பதிவு மட்டும் பிந்தியிருந்தால் அதை வைத்துக் கள்ள உறுதி என்று சொல்ல முடியாது, நேர்மையானவர்களும் பதியப் பிந்துவார்கள். படி அனுப்பப்பட்டதா என்பதுதான் கூர்மையான கேள்வி.

அடுத்தது இலக்க வரிசை. ஒரே நொத்தாரிசின் உறுதிகள் தொடர் இலக்கத்தில் போகும். அவர் காட்டும் உறுதிக்கு முந்திய, பிந்திய இலக்கங்களின் திகதியைப் பார்த்தால், இது இடையில் செருகப்பட்டதா என்று தெரியும். இறந்துபோன, அல்லது வெளிநாடு போய்விட்ட நொத்தாரிசின் பெயரில் பழைய திகதியிட்டு உறுதி செய்வது மோசடிக்காரரின் வழக்கமான வேலை. நொத்தாரிசு இறந்தால் அவரிடமிருந்த படிகள் காணிப் பதிவகத்திடம் ஒப்படைக்கப்பட வேண்டும் என்பதால் தேடும் இடம் அதுவே.

பிறகு உறுதியின் வாசகத்தை வரி வரியாக வாசியுங்கள். பழைய திகதி போடுகிறவர்கள் அந்தக் காலத்து விபரத்தில்தான் பிழைவிடுவார்கள். உறுதியில் ஒருவரின் அடையாள அட்டை இலக்கம் 12 இலக்கமாக இருந்தால் உடனே நிறுத்துங்கள். 12 இலக்க அட்டைகள் 2016இல்தான் வந்தன. 2007 உறுதியில் ஒன்பது இலக்கமும் ஓர் எழுத்தும்தான் இருக்க முடியும். அந்த ஒன்பதில் முதல் இரண்டு பிறந்த ஆண்டு, அடுத்த மூன்று அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது, பெண்களுக்கு அந்த நாளோடு 500 கூட்டப்பட்டிருக்கும். உங்கள் ஐயாவின் பிறப்புத் திகதியோடு ஒத்துப்பார்க்க ஐந்து நிமிடம் போதும். இன்னும் பழைய திகதி போட்ட உறுதிகளில் மாவட்டத்தின் பெயர் காட்டிக்கொடுக்கும். முல்லைத்தீவு தனி மாவட்டமானது 1978இல், கிளிநொச்சி 1984இல். 1975ஆம் ஆண்டு உறுதியில் "முல்லைத்தீவு மாவட்டம்" என்று எழுதியிருந்தால் அதை எழுதிய கை பிந்தியது. அதோடு, 1984க்கு முந்திய கிளிநொச்சிக் காணிகளின் பதிவுகளை யாழ்ப்பாணக் காணிப் பதிவகத்திலும் தேடிப்பார்க்க வேண்டும்.

உங்கள் வழக்கில் இடமும் காலமும் இன்னொரு கேள்வியைக் கேட்கின்றன. வன்னியிலிருந்து யாழ்ப்பாணம் போகும் ஏ9 பாதை 2006 ஆகஸ்டில் முகமாலையில் மூடப்பட்டது. முள்ளியவளையில் இருந்த ஒருவர் 2007 கார்த்திகையில் சுன்னாகத்துக்கு எப்படிப் போனார், எந்த அனுமதியோடு போனார், எங்கே தங்கினார்? அந்த மாதத்தில் ஐயா வன்னியில்தான் இருந்தார் என்பதற்குக் கூட்டுறவுச் சங்கப் பதிவு, நிவாரண அட்டை, வைத்தியசாலைத் துண்டு, பாடசாலையில் பெற்றோராக வைத்த கையொப்பம் ஏதாவது கிடைக்குமா என்று தேடுங்கள்.

கையொப்பத்தை ஒப்பிடுவதற்கு உறுதியின் அசல் வேண்டும். போட்டோப் பிரதியில் பேனை அழுத்தம் தெரியாது. நீதிமன்றக் கட்டளையோடு அது அரச பகுப்பாய்வாளர் திணைக்களத்துக்கு அனுப்பப்படும். ஒப்பிடக் கொடுக்கும் கையொப்பங்கள் அதே காலத்தவையாக இருப்பது நல்லது. வங்கிக் கணக்குத் திறந்த படிவம், விவாகப் பதிவு, ஏதாவது பழைய உறுதி என்று ஐந்தாறு சேருங்கள். ஒன்றே ஒன்றை மட்டும் கொடுத்தால் "முடிவு சொல்ல முடியாது" என்று அறிக்கை வரவும் கூடும்.

இனி பொலிஸ். கள்ள ஆவணம் செய்வதும், கள்ளமென்று தெரிந்துகொண்டே அதைப் பாவிப்பதும் தண்டனைச் சட்டக்கோவையில் 452ஆம் பிரிவு தொடங்கி வரும் குற்றங்கள். "சிவில் விசயம்" என்று திருப்பி அனுப்ப முடியாது. வாய்முறைப்பாடாகச் சொல்லாமல் எழுத்தில் கொடுங்கள், தோம்புப் பிரதியையும் மரணச் சான்றிதழையும் இணையுங்கள், முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். "காணியைப் பிடித்துவிட்டார்" என்று எழுதினால் அது காணிப் பிணக்காகப் போய்விடும். "இந்த இலக்க உறுதியில் உள்ள கையொப்பம் என் தந்தையுடையதல்ல" என்று எழுதுங்கள். அதற்கும் அசையாவிட்டால் சட்டத்தரணி மூலம் நீதவானிடம் நேரே தனிப்பட்ட பிராது தாக்கல் செய்யலாம்.

மாவட்ட நீதிமன்ற வழக்கு உரித்துக்கானது. அங்கே உறுதி வெற்றென்று பிரகடனம், காணியை விற்கவோ ஈடுவைக்கவோ கூடாதென்ற இடைக்காலத் தடை, இரண்டையும் சேர்த்துக் கேட்க வேண்டும். வழக்குப் போட்ட உடனே அந்த வழக்கைக் காணிப் பதிவகத்தில் காணியின் பக்கத்தில் பதிவிக்கச் சொல்லுங்கள். அது பதியப்படாவிட்டால், வழக்கு நடக்கும்போதே மூன்றாம் ஆளுக்கு விற்றுவிட்டு "அவருக்கு ஒன்றும் தெரியாது" என்பார்கள். எதிர்த்தரப்பின் உறுதியை மறுப்பதென்றால் உங்கள் மனுவிலும் பதிலிலும் வெளிப்படையாக மறுத்தே எழுத வேண்டும். 2022இல் குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையில் வந்த திருத்தத்தின்பின், மறுக்கப்படாத உறுதியைச் சாட்சி கூப்பிட்டு நிரூபிக்க வேண்டிய தேவை இல்லை.

கடைசியாக ஒன்று உங்களுக்குத் தெம்பு தரும். கள்ளக் கையொப்பம் வைத்த உறுதி யாருக்கும் உரித்தைக் கொடுக்காது. பதிந்தாலும் கொடுக்காது, பத்துக் கை மாறி நேர்மையான ஒருவர் காசு கொடுத்து வாங்கியிருந்தாலும் கொடுக்காது. ஆனால் ஐயாவே ஏமாற்றப்பட்டு, என்னவென்று தெரியாமல் கையொப்பம் வைத்த உறுதி வேறு வகை. அது இரத்தாகும்வரை செல்லும், அதில் மூன்றாண்டுக் காலவரம்பும் எழுப்பப்படும். உங்களுடையது எது என்பதைச் சட்டத்தரணியிடம் முதல் நாளே தெளிவாகச் சொல்லுங்கள். இரண்டையும் கலந்து சொன்னால் வழக்கு பலவீனப்படும்.

கேள்வி: உருத்திரபுரத்தில் அப்பப்பாவுக்குக் குடியேற்றத்தில் கிடைத்த வயல் மூன்று ஏக்கர். பெர்மிட் இன்னும் அவரின் பெயரில்தான். அவருக்குப் பிறகு அப்பா செய்தார், அப்பாவும் 2014இல் காலமாகிவிட்டார். அம்மா இருக்கிறா. இப்போது வெளிநாட்டிலுள்ள மூத்த அண்ணர் "மூத்த ஆண்பிள்ளைக்குத்தான் பெர்மிட்" என்கிறார். நானும் அக்காவும் ஊரில் இருக்கிறோம். எங்கள் சம்மதக் கடிதம் என்று ஒன்றை யாரோ பிரதேச செயலகத்தில் கொடுத்திருப்பதாகவும் கேள்விப்படுகிறோம், நாங்கள் ஒன்றும் எழுதவில்லை.
— வாசகர், கரைச்சி

பதில்: பெர்மிட் காணியில் முதுசம், சீதனம், பங்கு என்ற பேச்சே பொருந்தாது. அது 1935ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச்சட்டத்தின் கீழ் அரசு கொடுத்த காணி. பின்னுரித்தும், அதாவது ஒருவர் இறந்தபின் காணி யாருக்குப் போகும் என்பதும், அந்தச் சட்டப்படிதான்.

உங்கள் குடும்பத்தில் இரண்டு மரணம் நடந்திருப்பதால் இரண்டு படி தாண்ட வேண்டும். முதலில் அப்பப்பாவின் பின்னுரித்து. அவர் இறந்தபோது அப்பம்மா உயிரோடிருந்தாவா? பெர்மிட்காரரின் வாழ்க்கைத்துணை, பெயர் குறிக்கப்பட்டிருந்தாலும் இல்லாவிட்டாலும், முதலில் உரித்துடையவர். பிறகுதான் பெயர் குறிக்கப்பட்டவர். யாரையும் குறிக்காவிட்டால் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் உள்ள உறவுமுறை வரிசை. அப்பப்பாவின் இடத்துக்கு அப்பா முறையாக வந்தார் என்று பதிவானால்தான் அப்பாவிடமிருந்து அம்மாவுக்கோ உங்களுக்கோ போகும். இந்த முதற்படியை விட்டுவிட்டு நேரே பேரப்பிள்ளையின் பெயருக்கு மாற்றக் கேட்பதால்தான் விண்ணப்பங்கள் வருடக்கணக்கில் கோவைக்குள் கிடக்கின்றன.

"மூத்த ஆண்பிள்ளை" என்பது பழைய அட்டவணை. 2022ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் ஆணுக்கு இருந்த அந்த முன்னுரிமையை நீக்கிவிட்டது. அதற்கு முந்திய மரணத்துக்கு எந்த அட்டவணை என்று காணி உத்தியோகத்தரிடம் எழுத்தில் கேளுங்கள். அண்ணரின் வாதம் எப்படிப் போனாலும் அவருக்கு இன்னொரு தடை இருக்கிறது. பின்னுரித்தாளர் மரணத்திலிருந்து ஆறு மாதத்துக்குள் காணியை ஏற்று உட்புக வேண்டும், இல்லாவிட்டால் உரித்துத் தவறும். இத்தனை வருடம் யார் வயல் விதைத்தார்கள் என்பதைக் கமநல சேவை நிலையத்தின் வயற்காணிப் பதிவேட்டாலும் கமக்காரர் அமைப்பின் கடிதத்தாலும் காட்டுங்கள்.

அந்தச் சம்மதக் கடிதம்தான் இங்கே கள்ள உறுதியின் வேலையைச் செய்கிறது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், அந்தக் காணிக் கோவையிலுள்ள பெர்மிட் பேரேட்டுப் பக்கம், பெயர் குறித்த படிவம், சம்மதக் கடிதம் ஆகியவற்றின் பிரதி வேண்டுமென்று பிரதேச செயலகத்தின் தகவல் உத்தியோகத்தருக்கு எழுதுங்கள். 14 வேலைநாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். அதே நாளில் இன்னொரு கடிதம்: "நாங்கள் எந்தச் சம்மதமும் கொடுக்கவில்லை, எங்களை நேரில் அழைத்து விசாரிக்காமல் பெயர் மாற்ற வேண்டாம்." இரண்டையும் பதிவுத்தபாலில் அனுப்பித் துண்டை வைத்திருங்கள்.

பிரதியைக் கையில் எடுத்ததும் முத்திரையைப் பாருங்கள். பிரதேச செயலாளர் என்ற பதவி 1992ஆம் ஆண்டின் 58ஆம் இலக்கச் சட்டத்துக்குப் பின் வந்தது, அதற்கு முன் உதவி அரசாங்க அதிபர். 1986ஆம் ஆண்டுப் படிவத்தில் பிரதேச செயலாளரின் முத்திரை இருந்தால் மேலும் சொல்லத் தேவையில்லை. பெயர் குறித்தல் பெர்மிட்காரர் உயிரோடிருக்கும்போதே பதியப்பட்டிருக்க வேண்டும் என்பதும் நினைவிருக்கட்டும். இறந்த பிறகு பதிந்த பெயர் செல்லாது.

கேள்வி: பெர்மிட் காணி ஒரு ஏக்கரை 12 இலட்சத்துக்கு வாங்கி, நொத்தாரிசிடம் உறுதியும் முடித்துவிட்டோம். விற்றவரின் பிள்ளைகள் இப்போது எழும்பச் சொல்கிறார்கள். பத்து வருடம் இருந்தால் காணி எங்களுக்குத்தானே?
— வாசகர், வவுனியா வடக்கு

பதில்: இல்லை. பெர்மிட் காணியை அப்படி விற்கும் உறுதி வெற்றுக் கடதாசி, கிராண்ட் (அரசின் அளிப்பு உறுதி) ஆனால்கூடப் பிரதேச செயலாளரின் முன்கூட்டிய எழுத்துச் சம்மதம் இல்லாமல் செல்லாது. பத்தாண்டு ஆட்சி உரிமையும் இந்தக் காணிகளில் ஓடாது. கொடுத்த காசுக்கான எழுத்துச் சான்றையும் வங்கித் துண்டையும் பத்திரப்படுத்திக்கொண்டு, காசை மீட்கும் வழக்குக்குச் சட்டத்தரணியைப் பாருங்கள். காணியில் இருப்பதை வைத்துப் பிரதேச செயலகத்தின் காணிக் கச்சேரியில் (அரச காணி வழங்கும் விசாரணையில்) விண்ணப்பிக்கலாம். கிடைக்கும் என்று யாராவது வாக்குத் தந்து காசு கேட்டால் கொடுக்காதீர்கள்.

கேள்வி: நான் கனடாவில். பூநகரியில் என் பெயரில் உள்ள வளவையும் தென்னந்தோட்டத்தையும் பார்க்க 2012இல் மச்சானுக்கு அற்றோர்னித் தத்துவம் அனுப்பினேன். தோட்டத்தை அவர் தன் மனைவியின் பெயருக்கு எழுதிவிட்டதாக இப்போது அறிகிறேன். மற்றதையும் எழுதிவிடுவாரோ என்று பயமாக இருக்கிறது.

பதில்: இன்றைக்கே செய்ய வேண்டியது இரத்து. இலங்கைத் தூதரகத்தில் அல்லது துணைத் தூதரகத்தில் இரத்து ஆவணத்தைக் கையொப்பமிட்டு, முதல் தத்துவம் பதியப்பட்ட இடத்திலேயே அதையும் பதிவியுங்கள். பதிவுக்கு நாளெடுக்கும், ஆகவே காத்திராமல் மச்சானுக்குப் பதிவுத்தபாலிலும், பூநகரிப் பக்கம் உறுதி முடிக்கும் நொத்தாரிசுகளுக்கும், காணிப் பதிவாளருக்கும் எழுத்தில் அறிவியுங்கள். தமிழ்ப் பத்திரிகையில் ஒரு விளம்பரமும் போடுங்கள். இரத்துச் செய்தது தெரியாமல் நல்ல மனதோடு வாங்கிய ஒருவர் குறுக்கே வந்தால் சிக்கல் கூடும், அதனால்தான் இந்த அவசரம். மிச்சக் காணியின் பக்கத்தில் ஆட்சேப அறிவித்தல் ஒன்றும் பதியலாம். யாராவது உறுதி பதியக் கொண்டுவந்தால் உங்களுக்கு அறிவித்தல் வரும்.

எழுதிப் போன தோட்டத்துக்கு, தத்துவத்தின் வாசகத்தை எடுத்துப் பாருங்கள். "பராமரிக்கவும், குத்தகைக்குக் கொடுக்கவும், வருமானம் எடுக்கவும்" என்று மட்டும் இருந்தால் விற்கும் அதிகாரம் அவருக்கு இல்லை, அந்த உறுதி நிற்காது. "விற்கவும்" என்று இருந்தால் வழக்கு வேறு முகம் எடுக்கும். அப்போதும் நம்பிக்கையில் ஒப்படைத்த காணியைத் தன் மனைவிக்கே எழுதினார், காசு எதுவும் உங்களுக்கு வரவில்லை என்பது வலுவான வாதம். உறுதியில் விலை எவ்வளவு என்று காட்டியிருக்கிறது, அது யார் முன்னிலையில் கொடுக்கப்பட்டதென்று நொத்தாரிசு அத்தாட்சிப்படுத்தியிருக்கிறார் என்று பாருங்கள்.

இதையொட்டி வெளிநாட்டில் இருக்கும் மற்றவர்களுக்கும் ஒரு சொல். தத்துவம் கொடுத்தவர் இறந்த நாளோடு அது முடிந்துவிடும். அப்பா கொடுத்த தத்துவத்தை வைத்து அவர் இறந்த பிறகு முடித்த உறுதிகள் வன்னியில் நிறைய. உறுதித் திகதியையும் மரணச் சான்றிதழின் திகதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

கேள்வி: அப்பா கலியாணத்துக்குப் பிறகு உழைத்து வாங்கிய ஐந்து ஏக்கர், தண்ணீரூற்றுப் பக்கம். அப்பா இல்லை, அம்மாவும் பிள்ளைகள் நாலு பேரும். 2010 தொடக்கம் தம்பியார்தான் காணியில். "பதினைஞ்சு வரியம் நான்தான் ஆண்டனான், இனி எனக்குத்தான்" என்று உரிமை வெளிப்படுத்தல் உறுதி எழுதியிருக்கிறார். அது செல்லுமா?

பதில்: தேசவழமை (வடபகுதித் தமிழரின் வழமைச் சட்டம்) பொருந்தும் குடும்பமென்றால் அது தேடியதேட்டம், அதாவது மணவாழ்க்கையில் தேடிய சொத்து. அரைவாசி அம்மாவுக்கு, அரைவாசி பிள்ளைகளுக்கு. ஐந்து ஏக்கர் 800 பேர்ச்: அம்மாவுக்கு 400, ஆளுக்கு 100. தம்பியாரின் நூறு பேர்ச் அவருக்குத்தான், அதை யாரும் மறுக்க முடியாது. மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பங்களுக்குத் தேசவழமை தானாகப் பொருந்தாது, முஸ்லிம் குடும்பங்களுக்கு வேறு சட்டம். பங்கைக் கணக்கிடுமுன் இதைத் தீர்க்க வேண்டும். அப்பாவுக்கு அவர் தாய் தகப்பன் வழியில் வந்த முதுசமென்றால் கணக்கு மாறும், அது பிள்ளைகளுக்கே இறங்கும்.

வெளிப்படுத்தல் உறுதி என்பது ஒருவர் "இது என்னுடையது" என்று தானே எழுதிய ஒரு வாக்குமூலம். அது புதிய உரித்தை உண்டாக்காது. ஆபத்து என்னவென்றால், அதைப் பதிந்து புதிய பக்கம் திறந்து, அங்கிருந்து விற்கத் தொடங்குவார்கள். வாங்குகிறவர் அந்தப் பக்கத்தை மட்டும் பார்த்து ஏமாறுவார்.

பத்தாண்டு ஆட்சி 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் காலவரையறைக் கட்டளைச்சட்டத்தில் உள்ளதுதான். ஆனால் பங்காளிகளுக்குள் அது இலகுவில் ஓடாது. ஒரு பங்காளி இருப்பது எல்லாப் பங்காளிகளுக்காகவும் இருப்பதாகவே எடுக்கப்படும் என்று அன்றைய இறுதி மேன்முறையீட்டு மன்றமான இலண்டன் பிரிவிக் கவுன்சில் 1911இல் கொரியா எதிர் இசேரிஸ் அப்புகாமி வழக்கில் சொன்னது இன்றும் நிற்கிறது. மற்றவர்களைத் துரத்தினார், அல்லது "உங்களுக்குப் பங்கில்லை" என்று வெளிப்படையாக மறுத்தார் என்று காட்டினால்தான் அந்த நாளிலிருந்து பத்தாண்டு தொடங்கும். அவர் எழுதிய இந்த உறுதியே அப்படியொரு மறுப்பாக எடுக்கப்படலாம். ஆகவே சும்மா இருந்துவிடாதீர்கள், மறுப்பை எழுத்தில் அனுப்புங்கள்.

தீர்வுக்கு இரண்டு வழி. எல்லாரும் ஒத்துவந்தால் அனுமதி பெற்ற நில அளவையாளரைக் கொண்டு பிரித்துப் பிளான் கீறி, ஐந்து பேரும் ஒரே பிரிவினை உறுதியில் கையொப்பமிடலாம். பணச்செலவும் மனச்செலவும் குறைந்தது அதுதான். தம்பியார் இருந்து மரம் வைத்திருப்பார், கிணறு வெட்டியிருப்பார், அந்தத் துண்டை அவர் பக்கம் விட்டுப் பிரித்தால் பாதிச் சண்டை அங்கேயே முடியும். ஒத்துவராவிட்டால் 1977ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கப் பங்கீட்டுச் சட்டத்தின் கீழ் மாவட்ட நீதிமன்றம்.

அந்தச் சட்டத்தின் கூரிய பக்கத்தையும் தெரிந்திருங்கள். பங்கீட்டு வழக்கின் இறுதித் தீர்ப்பு வழக்கில் இல்லாதவர்களையும் கட்டும். இதனாலேயே சிலர் வெளிநாட்டிலுள்ள பங்காளிகளின் பெயரை மறைத்து வழக்குப் போட்டுத் தீர்ப்பெடுத்துவிடுவார்கள், தவறவிட்டவருக்குப் பிறகு நட்டஈடு கேட்பதைத் தவிரப் பெரிதாக ஒன்றும் மிஞ்சாது. காணியில் அளவையாளர் வந்தார், அறிவித்தல் ஒட்டினார்கள் என்று அயலார் சொன்னால் அன்றைக்கே நீதிமன்றப் பதிவகத்தில் வழக்கிலக்கத்தைக் கேளுங்கள். யாராவது தன் பங்கை வெளியாருக்கு விற்கப் போனால், தேசவழமையில் பங்காளிக்கு முன்வாங்கும் உரிமை உண்டு என்பதும் மறக்க வேண்டாம்.

கேள்வி: ஒட்டுசுட்டானில் அம்மா எனக்குச் சீதனமாகத் தந்த இரண்டு ஏக்கர். அதை என் மகளுக்கு நன்கொடையாக எழுத வேண்டும். கணவர் 2009 சித்திரையிலிருந்து இல்லை. உறுதிக்கு அவரின் சம்மதக் கையொப்பம் வேண்டும் என்கிறார்கள். உறவுக்காரர் ஒருவர் "நான் அவராக நின்று போட்டுத்தாறன்" என்கிறார். மரணச் சான்றிதழ் எடுக்க எனக்கு மனம் வரவில்லை.

பதில்: அம்மா, அந்த உறவுக்காரர் நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். ஆனாலும் அதைச் செய்ய விடாதீர்கள். அவர் போடும் கையொப்பத்தோடு உங்கள் மகளின் உறுதி கள்ள உறுதியாகிவிடும். நாளைக்கு யாராவது உறவினர் வழக்குப் போட்டால் உங்கள் சொந்தச் சீதனமே மகளின் கையில் நிற்காது, நீங்களும் குற்றவாளிக் கூண்டில் நிற்க வேண்டிவரும். புதிய உறுதிகளில் பெருவிரல் அடையாளமும் கேட்கப்படுவதால் ஆள்மாறாட்டம் முன்னரைவிட இலகுவாகப் பிடிபடும்.

தேசவழமை பொருந்தும் மணமான பெண் அசையாச் சொத்தைக் கைமாற்றக் கணவனின் எழுத்துச் சம்மதம் வேண்டும் என்பது 1911ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க யாழ்ப்பாண விவாக உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச்சட்டத்தில் உள்ளது. அதே சட்டம், கணவன் இருக்குமிடம் தெரியாதபோது அந்தச் சம்மதத்துக்குப் பதிலாக மாவட்ட நீதிமன்றம் அனுமதி கொடுக்கவும் வழி வைத்திருக்கிறது. சிறிய மனு. விவாகப் பதிவு, சீதன உறுதி, கணவர் காணாமற்போனது பற்றிச் செய்த முறைப்பாடுகள், கிராம அலுவலரின் கடிதம், மகளின் பிறப்புச் சான்றிதழ் ஆகியவற்றை இணைக்க வேண்டும். நீதிமன்றத்தின் அனுமதி இலக்கத்தையும் திகதியையும் நன்கொடை உறுதியிலேயே எழுதச் சொல்லுங்கள்.

மரணச் சான்றிதழ் எடுக்க யாரும் உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது. 2010ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டத்துக்கு 2016இல் வந்த திருத்தத்தின்படி, காணாமற்போனமைக்கான சான்றிதழ் தனியாக உண்டு. அதை எடுத்தால் கணவர் இறந்துவிட்டார் என்று நீங்கள் ஒத்துக்கொண்டதாகாது. மனுவுக்கு அது பலம் சேர்க்கும்.

நன்கொடை உறுதியில் உங்கள் சீவிய உருத்தை ஒதுக்கி எழுதுங்கள். உயிரோடிருக்கும்வரை அந்தக் காணியில் இருக்கவும் விளைவு எடுக்கவும் உங்களுக்கு உரிமை இருக்கும். எழுதிக் கொடுத்த பிறகு மனம்மாறினால் நன்கொடையை இலகுவில் திருப்பி எடுக்க முடியாது, 2017ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தின்பின் மீட்டெடுக்க முடியாதென்று எழுதிய நன்கொடையை நன்றிகெட்ட நடத்தைக்காக இரத்தாக்க நீதிமன்றம்தான் போக வேண்டும். சட்டத்தரணிக்குக் கொடுக்க வசதியில்லாவிட்டால் சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகத்துக்கு வருமான விபரத்தோடும் மேலே சொன்ன கடதாசிகளோடும் போங்கள். அசலை ஒருவரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள், பிரதி எடுத்துக் கொடுங்கள்.